வாசலில் பாட வேண்டிய பாட்டு

மட்டக்களப்பு
05.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுபாஸ் எழுதிக்கொள்வது. கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. பேனை பிடித்தால் ஸ்பானர் பிடிப்பது போல விரல் மடங்குகிறது. ஜெனிஸ்ரா கட்டிலில் படுத்தபடி பார்த்துச் சிரிக்கிறாள்.

உங்கள் போன் ஒரு கிழமையாக வேலை செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பிரேமினிக்கு எடுத்துக் கேட்டேன். "மாக்கிறட் அக்கா சுகமா இருக்கிறா. போனைக் கட்டி வைச்சிட்டாவாம். சொல்லுறதெண்டால் கடிதத்தில எழுதட்டாம்" என்றாள். சரி, எழுதுகிறேன்.

அத்தானின் ஒரு வருடப் பூசைக்கு நான் வரவில்லை என்ற கோபம்தானே? திட்டுவதென்றால் நேராகத் திட்டுங்கள். ஜெனிஸ்ராவுக்கு இதற்கு முன் இரண்டு கலைந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த முறை டொக்டர் எழும்பவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான்தான் சமைக்கிறேன், நான்தான் துவைக்கிறேன். நான் வாகனம் திருத்துகிற கராச்சில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவன் இல்லை. இவளை விட்டுவிட்டு மன்னார் விடத்தல்தீவுக்கு எப்படி வருவது?

வர முடியாததால்தான் வாசல் பாட்டை வட்ஸ்அப்பில் பாடி அனுப்பினேன். அம்மா வீட்டு வழக்கத்தை நான் மறக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பாட்டு இல்லை. வருடம் முடிந்ததும் கூடப்பிறந்தவன் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பாட வேண்டும். அக்கா உள்ளேயிருந்து பதில் பாடிக் கதவைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பாடலாம். நீங்கள் கேட்டீர்கள் என்று போன் காட்டியது. பதில் மட்டும் வரவில்லை. எனக்கு அது மனத்தாங்கல்தான். தொண்டை கட்டியிருந்தும் பாடினேன். அன்றைக்குக் கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லை.

பிள்ளை கார்த்திகைக் கடைசியில் பிறக்கும் என்கிறார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. நீங்கள்தான் வந்து நிற்க வேண்டும். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

அன்புத் தம்பி
சுபாஸ்


விடத்தல்தீவு
12.10.2023

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து இன்னும் ஐந்தாம் வகுப்பிலேயே நிற்கிறது. ஜெனிஸ்ராவை எழும்ப விடாதே. சோறு குழைந்தாலும் பரவாயில்லை, உப்பைக் குறை.

எனக்குக் கோபம் இருந்தது. இரண்டு நாள் இருந்தது. இப்போது இல்லை. போனைக் கட்டி அலுமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே வைத்ததற்குக் காரணம் வேறு. உன் குரல் இந்த வீட்டுக்குள் இனிமேல் வரக் கூடாது. அதனால்தான் எழுதச் சொன்னேன். நான் சொல்வதை முழுவதும் வாசித்துவிட்டுப் பிறகு சிரி.

நீ அனுப்பியதை நான் எங்கே வைத்துக் கேட்டேன் தெரியுமா? வாசலில் அல்ல. மழை தூறியது, யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஹோலில் உன் அத்தானுடைய கதிரையில் இருந்து, மடியில் வைத்துக் கேட்டேன். ஒரு வருடம் றேடியோகூடப் போடாத வீடு. தையல் மெசினில் இருக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பதைக்கூட அடக்கி வைத்திருந்தவள் நான். அந்த வீட்டின் நடுவில் உன் குரல் எழும்பியது.

மாரி வந்து கூரை தட்டுது, மூத்தவளே
மறந்து வைச்ச பாட்டை எடு
தூர வழி நடந்து வந்தேன், மூத்தவளே
துக்கம் தீரக் கதவைத் திற.

என்னால் பதில் பாட முடியவில்லை. அழுதுகொண்டிருந்தேன். அழுது முடிந்த பிறகுதான் அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. இந்தப் பாட்டு வெளியே நின்றுதான் பாடப்பட வேண்டும், வீட்டுக்குள் பாடப்பட்டால் அது உள்ளே இருக்கிறவன் பாடியதாகிவிடும் என்பா. உள்ளே யார் இருக்கிறான் என்று நாங்கள் கேட்டால் வாயில் அடிப்பா.

மறுநாள் காலையில் றிபாத்தின் பாண் விற்கிற ஓட்டோ வந்தது. ஒரு றாத்தல் வாங்கினேன். ஓட்டோவில் போட்டுக்கொண்டு வரும் மெட்டு உனக்குத் தெரியும், ஊர் முழுக்கக் கேட்கும். அவன் சந்தி திரும்பிப் போய்விட்டான். மெட்டு மட்டும் போகவில்லை. குசினிக்குள், அடுப்படியில், கேட்டுக்கொண்டே இருந்தது. மெசின் மெட்டாக அல்ல, வாயால் பாடுவது போல. உன் வாயால்.

அன்று மத்தியானம் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் கொலர் வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து வாசல் பாட்டு வந்தது. நாலு வரியையும் பாடி முடித்தது. பிறகு பேசாமல் நின்றது. பாட்டைவிட அது அப்படி நிற்பதுதான் தம்பி எனக்குப் பயம். நான் பாட வேண்டிய இடத்தில் அது காத்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு நாளும் நிற்கிறது.

நான் பதில் பாடவில்லை. உன் குரலை இங்கே அனுப்பாதே.

அக்கா
மாக்கிறட்


மட்டக்களப்பு
18.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

முழுவதும் வாசித்துவிட்டுத்தான் சிரித்தேன். கோபிக்க வேண்டாம். தனிய இருந்து தைத்துத் தைத்துக் காது அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். கராச்சில் என்னோடு வேலை செய்கிற நௌபரிடம் சொன்னேன். அவர்கள் வீட்டில் ஒரு மைனா இருந்ததாம். அவனுடைய உம்மா கூப்பிடுகிற மாதிரியே அவனைக் கூப்பிட்டு, விளையாட்டிலிருந்து எத்தனையோ முறை வீட்டுக்கு ஓட வைத்ததாம். உங்கள் முருங்கையிலும் ஒரு மைனா இருக்கும். பாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். கூரைக்கு மேலே ஒரு கல் எறிந்து பாருங்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்றுப் பிரேமினிக்கு மறுபடியும் எடுத்தேன். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்ன அண்ணை, வீட்டிலயிருந்து வீட்டுக்குப் போன் எடுக்கிறியள்? நீங்கள் வந்து நிக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன். காலமை கிணத்தடியில பாடிக்கொண்டு நிண்டனியள்."

அவள் கேட்டதும் அந்த மைனாவைத்தான் என்று பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது தேற்றுவதாகவும் இல்லை.

இன்னொன்று. சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். தொண்டை நோ போய்விட்டது. பேசுகிறேன், நௌபரோடு கத்திச் சண்டை பிடிக்கிறேன், ஒன்றும் குறைவில்லை. பாட மட்டும் வரவில்லை. என்ஜினுக்குக் கீழே படுத்தால் நான் பாடாமல் இருந்தது உண்டா? இப்போது வாய் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டுப் பாடச் சொல்லி ஜெனிஸ்ரா கேட்டாள். வயிற்றில் வாயை வைத்துக்கொண்டு ஊதினேன். அவளுக்குக் கூசியதாம், சிரித்தாள். பிறகு தானே பாடினாள். அவள் பாடுவது உங்களுக்குத் தெரியும். கோயிலில் பாடகர் இருக்கிற வாங்கிலிருந்து மெதுவாக எழுப்பிப் பூ வைக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டவர்கள். ஒரு வரி கிழக்கே போனால் அடுத்த வரி மேற்கே போகும். நான் சிரிக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை.

பஸ் ஏறி வாருங்கள் அக்கா. சட்டைகளைக் கொடுத்து முடித்துவிட்டு வாருங்கள்.

தம்பி
சுபாஸ்


விடத்தல்தீவு
27.10.2023

அன்புள்ள தம்பி,

பிரேமினியிடம் விசாரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவள் வேலியால் எட்டிப் பார்க்கிறாள். "தம்பி வெளியில வரமாட்டாரோ அக்கா" என்று கேட்கிறாள்.

மைனா இல்லை. சொல்கிறேன் கேள். செவ்வாய்க்கிழமை துருவலையில் இருந்து தேங்காய் துருவினேன். அப்போது பாடியது. வாசல் பாட்டு அல்ல. நீ ஆறு வயதில் பசி பொறுக்க முடியாமல் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, என்னை வேகமாகத் துருவ வைக்க நீயே கட்டிய பாட்டு. அந்த நண்டுப் பாட்டு. 'நண்டு கறி கொதிக்குது, அக்கா கை தூங்குது.' அதை நீ போனில் பாடி அனுப்பவில்லை. அது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்குக்கூட நான் சொன்னதில்லை. அதை அது ஆறு வயதுக் குரலில் பாடியது. முன்பல் விழுந்த குரல். 'கறி' என்று சொல்லும்போது காற்றுப் போகும், நினைவிருக்கிறதா? அதுவும் போனது. நான் துருவுவதை நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. மறுபடி துருவினேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பாட்டும் வருகிறது. கப்பியில் தண்ணீர் இழுத்தால் நீ வாளிக்குப் பாடியது. விளக்குமாறு எடுத்தால் முற்றம் கூட்டுகிற பாட்டு. எந்த வேலைக்கு எது என்று அதற்குத் தெரிகிறது. உன்னிடமிருந்து எடுத்ததைத்தான் அது பாடுகிறது போலிருக்கிறது. உனக்குப் பாட வரவில்லை என்று எழுதிய இடத்தை மறுபடியும் மறுபடியும் வாசித்தேன்.

சுவாமியாரிடம் போனேன். வந்தார், தீர்த்தம் தெளித்தார், ஒரு பாட்டும் பாடினார். அவர் இரண்டாம் அடியைத் தொடங்கும்போது குசினிக்குள்ளிருந்து நீ பூசைக்கு உதவி செய்த காலத்துக் குரலில் கூடச் சேர்ந்து பாடியது. சுருதி அவரைவிடச் சுத்தம். அவர் குடையை மறந்துவிட்டுப் போனார். எடுக்க இன்னும் வரவில்லை. வாடைக்காற்றும் மழையுமாக இருக்கிறது, நனைந்துதான் திரிவார்.

உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் பயப்பட வேண்டிய அளவுக்கு இப்போது பயப்படவில்லை. ஒரு வருடம் ஊமையாகக் கிடந்த வீடு இது. காலையில் எழும்பினால் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். இப்போது பாட்டுக்கு எழும்புகிறேன். இன்றைக்கு அது நாலு வரியையும் பாடிவிட்டு நின்றபோது, பதிலின் முதல் சொல் என் பல்லுக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். நேற்று இரண்டு கோப்பை தேநீர் ஊற்றியிருந்ததை ஊற்றிய பிறகுதான் கண்டேன்.

அக்கா


மட்டக்களப்பு
02.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு ஆத்துமாக்கள் திருநாள். நீங்கள் சேமக்காலைக்குப் போய் அத்தானுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பீர்கள். என் சார்பிலும் ஒன்று கொளுத்தியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனிமேல் பகிடி இல்லை. நண்டுப் பாட்டைப் பற்றி வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்தேன். அந்தப் பாட்டை நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சொல் வருகிறது. மெட்டு வரவில்லை அக்கா. எனக்கு மெட்டு மறந்துபோனது. நான் கட்டிய பாட்டு.

கெஞ்சிக் கேட்கிறேன். பதில் பாடாதீர்கள். அது நிற்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும். ஏன் அது அந்த ஒரு பதிலுக்காகக் காத்து நிற்கிறது என்று யோசியுங்கள். பதில் பாடினால் கதவு திறந்தது என்று அர்த்தம். என்னிடமிருந்து எடுத்தது காணாதென்று உங்களிடமிருந்தும் எடுக்கப் பார்க்கிறது. நான் அங்கே இல்லை. குசினியில் இருப்பது நான் இல்லை. இரண்டாவது கோப்பையை இனி ஊற்றாதீர்கள்.

இன்றைக்கே பிரேமினி வீட்டுக்குப் போய்விடுங்கள். பாட்டுப் போனால் போகட்டும். பாட்டில்லாமல் என்ஜின் ஓடாதா? எனக்கு நீங்கள்தான் வேண்டும்.

கராச்சில் லீவு கேட்டிருக்கிறேன். ஜெனிஸ்ராவின் தாயார் வந்ததும் புறப்பட்டு வருகிறேன். ஜெனிஸ்ராவே சொல்கிறாள். "போங்கோ. பிள்ளை வர முந்தி மச்சாளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறாள்.

தம்பி
சுபாஸ்


விடத்தல்தீவு
06.11.2023

அன்புள்ள தம்பி,

குசினிக்குள் இருக்கிற உனக்கு மட்டக்களப்பு விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறேன். வாசித்தால் சிரிப்பாய்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வந்தது எவ்வளவு ஆறுதல். உன் கடிதம் சனிக்கிழமைதான் கிடைத்தது. வருகிறேன் என்று எழுதியிருந்தாய், பிரேமினி வீட்டுக்குப் போகப் பையையும் கட்டிவிட்டேன், நீயே வந்துவிட்டாய். பூசை முடிந்து வந்து கதவைச் சாத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் பாட்டு வந்தது. குசினியிலிருந்து அல்ல, வாசலிலிருந்து. கதவுக்கு வெளியே, விறாந்தையில். எங்கே நின்று பாட வேண்டுமோ அங்கே நின்று பாடினாய். நான் கதவில் கையை வைத்துக்கொண்டு பதில் பாடினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு பாடினேன் தம்பி.

யாரு வந்து வாசல் நிக்குது, இளையவனே
ஈரக் காலை உதறி வா
பாடி வந்த வாய்க்குத் தண்ணி, இளையவனே
பானையிலே வைச்சிருக்கு.

கதவைத் திறந்தேன். நீ கால் கழுவப் பின்பக்கம் போய்விட்டாய். அப்படித்தான் நினைத்தேன். திரும்பி வந்தபோது குசினிக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தாய். சோறு போட்டு வைத்தேன். நண்டுக் கறியும் வைத்தேன்.

இனி ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். நீ பாடுகிறாய், பேசுகிறாய் இல்லை. ஜெனிஸ்ரா எப்படி என்று கேட்டேன். பாடினாய். எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்டேன். பாடினாய். நான் உள்ளே வந்தால் பாட்டு கிணற்றடிக்குப் போகிறது. கிணற்றடிக்குப் போனால் ஹோலில் கேட்கிறது. சோறு அப்படியே காய்ந்துபோய் இருக்கிறது. மழையில் வந்தவனுக்கு விறாந்தையில் ஈரக் கால் அடையாளம் ஒன்றுமில்லை. அதைப் பார்த்தேன். பார்க்காதது போலக் கூட்டிவிட்டேன்.

கடிதத்துக்கு மட்டும்தான் நீ ஒழுங்காகப் பதில் சொல்கிறாய். அதனால் எழுதிக் கேட்கிறேன். தம்பி, நீ வந்தனிதானே?

இன்று காலை மெசினில் இருந்து பாட வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

அக்கா


விடத்தல்தீவு, உங்கள் விறாந்தை
11.11.2023

அக்கா,

நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டக்களப்பில் பிள்ளைக்குத் தொட்டில் துணி வாங்கிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பதில் தபாலில் போட நேரமில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே பஸ் ஏறினேன்.

இப்போது வந்திருக்கிறேன். கதவுக்குக் கீழே இந்தக் கடிதத்தைத் தள்ளுவது நான்தான். தட்டவில்லை, கூப்பிடவுமில்லை. கூப்பிட்டால் எந்தக் குரல் எவனுடையது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. உள்ளே பாடுவது எனக்குக் கேட்கிறது அக்கா. வேலிப் படலையைத் திறக்கும்போதே கேட்டது. என் குரலை நான் வெளியே நின்று கேட்கிறேன். நன்றாகத்தான் பாடுகிறேன். கேட்கக் கேட்கக் கண் கலங்குகிறது.

கதவைத் திறவுங்கள். திறக்கிறபோது ஒன்றும் பாட வேண்டாம்.

சுபாஸ்


11.11.2023

தம்பிக்கு,

இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் நீ குசினிக்குள்ளும் இருக்கிறாய். நீ தாளைத் தள்ளியதிலிருந்து பாட்டு நெருங்கி வருகிறது. இப்போது குசினிக் கதவடியில் நின்று வாசல் பாட்டைப் பாடுகிறாய். கதவைத் திற என்று அதுவும் சொல்கிறது, திறக்கச் சொல்லி நீயும் எழுதுகிறாய். நான் எவனை நம்புவது? ஒருமுறை நம்பித் திறந்துவிட்டேன். இன்னொருமுறை பிழை விட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நீ என் தம்பி என்றால் வாசலில் நின்று பாடு. இரண்டு குரலையும் ஒன்றாகக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியும்.


அக்கா,

பாட முடிந்தால் பாடியிருப்பேன். வாய் திறந்து பார்த்தேன், காற்றுத்தான் வருகிறது. உங்களுக்கு மெசினில் வந்த அதே காற்று.

எனக்கு எழுத மட்டும்தான் வரும். அதனால் ஒன்று கேட்கிறேன். குசினிக்குள் இருக்கிறவனிடம் ஒரு தாளும் பேனையும் கொடுங்கள். ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நிறைய வேண்டாம். அக்கா என்று மட்டும் எழுதட்டும்.


தம்பி,

தாளையும் பேனையையும் குசினி வாசற்படியில் வைத்தேன். "எழுது, என்ர தம்பியெண்டால் எழுது" என்றேன். ஹோலுக்கு வந்து அவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு நின்றது. வீடு முழுக்க அடங்கிப்போனது. எழுதிவிடப் போகிறது என்று பயந்தேனா, எழுதட்டும் என்று ஆசைப்பட்டேனா, தெரியாது.

பிறகு பாடியது. வாசல் பாட்டின் மெட்டுத்தான், சொல் வேறு. அம்மா சொல்லித்தராத சொல்.

நீங்கள் எழுதுங்கோ, மூத்தவளே
நான் பாடுறன், கேட்டெழுதும்.

போய்ப் பார்த்தேன். தாளில் ஒரு கீறலும் இல்லை. பேனையின் மூடியே கழற்றப்படவில்லை.

திறக்கிறேன். உள்ளே வராதே. மெசின் இருக்கட்டும், சேலை இருக்கட்டும். ஞாயிறு கட்டிய பை அவிழ்க்காமல் கிடக்கிறது, அதுவும் அவருடைய படமும் போதும். நான் படி தாண்டினால் உன் பாட்டும் என் பாட்டும் இந்த வீட்டோடு போய்விடும். நீ பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு வரியும் பாட மாட்டாய். நானும் மாட்டேன். எனக்கு வயது போய்விட்டது, பரவாயில்லை. உனக்குச் சம்மதமா என்று கேட்காமல் திறக்க எனக்கு மனம் வரவில்லை.


ஓம் அக்கா. திறவுங்கள்.


விடத்தல்தீவு, பிரேமினி வீடு
03.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பேசாலையில் வள்ளத்து என்ஜின் வேலை இன்னும் ஒரு கிழமை இழுக்கும். படுக்கை பிரேமினி வீட்டு விறாந்தையில். சோறு நன்றாகப் போடுகிறாள், கேள்வியும் நன்றாகக் கேட்கிறாள்.

நேற்றுச் சேமக்காலைக்குப் போய் அத்தானுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். காற்றுக்கு அணைந்து அணைந்து, பிறகு பிடித்துக்கொண்டது. உங்களுக்கு இதைப் போனில் சொல்லலாம். ஆனால் இந்த ஊரில் நின்றுகொண்டு உங்கள் குரலைப் போனில் எடுக்க எனக்குத் துணிவில்லை. சிரிக்காதீர்கள். கடிதமே எங்களுக்குச் சரி.

வீட்டுக்குப் போனேன். உங்கள் மெசினை ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லித்தானே பூட்டின் திறப்பை உங்களிடம் வாங்கி வந்தேன். காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். முற்றத்தில் புல் முழங்காலுக்கு நிற்கிறது. முருங்கை விழுந்து வேலியில் சாய்ந்திருக்கிறது. படலையில் கை வைத்தபோது றிபாத்தின் பாண் ஓட்டோ வந்து நின்றது. அவன் என்னைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். "அண்ணை, நீங்கள் உள்ள நிக்கிறியள் எண்டு நினைச்சன். நாள் தவறாமல் பாட்டுக் கேக்குது. அக்காட பாட்டும் கேக்குது. பாண் வாங்கத்தான் ஒருத்தரும் வாறேல்லை" என்றான். பகிடியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே மனக்குறையாகச் சொன்னான்.

அவன் போன பிறகு கதவடிக்குப் போனேன். உள்ளே நான் பாடினேன். நீங்கள் பதில் பாடினீர்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்போது அது காத்து நிற்பதில்லை அக்கா, இடைவெளியே இல்லை. பிறகு துருவலைச் சத்தமும் நண்டுப் பாட்டும். ஆறு வயதில் நான் பாடுகிறேன், நீங்கள் இடையில் சிரிக்கிறீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம். அவர்கள் துக்கமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நாங்கள் இருவரும் அந்த வீட்டில் சந்தோசமாக இருக்கிறோம், கதவடியில் நிற்கிற நான்தான் யாரோ வழிப்போக்கன்.

பதிலின் கடைசி அடியில் பானையில் தண்ணீர் வைத்திருக்கிறது என்று நீங்கள் பாடியபோது எனக்கு உண்மையாகவே தாகம் எடுத்தது. திறப்பு என் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பாதி ஆசை உள்ளே போக, பாதி ஆசை ஓட.

உங்களிடம் ஒளிக்காமல் கேட்கிறேன். பிள்ளைக்கு இன்னும் ஒரு மாதத்தில் ஒரு வயது ஆகப்போகிறது. தகப்பன் பாடிக் கேட்டதில்லை, மாமி நீங்களும் பாடிக் கேட்டதில்லை. உள்ளே போய், எப்படியாவது, ஒரு பாட்டையாவது திருப்பிக் கேட்டு வாங்கி வரலாமா? ஒரு நண்டுப் பாட்டு மட்டும். நீங்கள் வேண்டாம் என்றால் போக மாட்டேன். பதிலைப் பிரேமினி விலாசத்துக்குப் போடுங்கள். திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

தம்பி
சுபாஸ்


மட்டக்களப்பு
07.11.2024

அன்புள்ள தம்பி,

கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். வாசித்ததும் நிலத்தில் குந்திவிட்டேன். ஜெனிஸ்ரா பயந்து தண்ணீர் கொண்டு வந்தாள்.

போகாதே. உன்னை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. உன் கடிதத்தில் என் சிரிப்பைப் பற்றி வாசித்தபோது நானும் அந்தக் கதவடியில் வந்து நின்றுவிட்டேன். திறப்பு என் கையில் இருந்திருந்தால் நான் உன் அளவுக்கு நின்றிருக்க மாட்டேன், உள்ளே போயிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், போகாதே. கேட்டு வாங்கலாம் என்று நினைக்காதே. அது பாடித்தான் பதில் சொல்லும். உன்னிடம் பாட்டு இல்லை. அதற்குப் பிறகு எடுக்க மிச்சம் இருப்பது நீதான்.

மெசின் கிடக்கட்டும். இங்கே ஒரு பழைய மெசின் பார்த்து வைத்திருக்கிறேன், நீ வந்து எண்ணெய் விட்டால் ஓடும்.

இனிப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். நேற்றுப் பின்னேரம் ஜெனிஸ்ரா துணி மடித்துக்கொண்டு வழக்கம் போலப் பாடினாள். மழை பெய்துகொண்டிருந்தது. முதல் அடி கிழக்கே போனது, இரண்டாவது அடி மேற்கே போனது. நான் வெங்காயம் உரித்தபடி, கர்த்தரே இதை நிறுத்தும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. ஜெனிஸ்ரா துணியை அலுமாரியில் வைக்க எழும்பிப் போய்விட்டாள். பாட்டு தொடர்ந்தது.

எனக்கு உயிர் போய்விட்டது தம்பி. கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு நின்றேன். அங்கேயிருந்து எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு திரும்பினேன்.

பிள்ளை பாயில் குந்தியிருந்து துணிக் குவியலைத் தட்டித் தட்டிப் பாடுகிறாள். சொல் இல்லை, வாய்க்குள் ஒரு முனகல். தாய் எந்த இடத்தில் சுருதி தவறுவாளோ அதே இடத்தில் தவறினாள். அச்சாக அதே இடம். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. ஜெனிஸ்ரா ஓடி வந்து "என்ன மச்சாள், என்ன நடந்தது?" என்று கேட்டாள். "உன்ர பாட்டுத்தான் பிள்ளைக்கு வந்திருக்குது" என்றேன். அவள் வெட்கப்பட்டாள். இன்னொருமுறை பாடச் சொன்னேன். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நன்றாக வாய்விட்டுப் பாடினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்த வீட்டுக்கு உன் பாட்டும் தெரியும், என் பாட்டும் தெரியும். இந்தப் பாட்டு அதற்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். திறப்பைக் கிணற்றில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடு.

அக்கா
மாக்கிறட்